மருந்து வைத்த விவகாரத்தில் கார்மேகம் சொன்னது

என் பெயர் கார்மேகம், தகப்பனார் பெயர் பொன்னுச்சாமி, வயது முப்பத்து நான்கு, சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம், தற்போது அபுதாபி முசஃபாவில் கம்பெனி கேம்ப்பில் இருக்கிறேன், வெல்டர் வேலை. 2006ஆம் வருடம் இந்த போலீஸ் ஸ்டேஷனில் நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் லுக்மான் அரபியில் எழுதுகிறார். நான் சொன்னதை மட்டும் எழுத வேண்டும், அழகுபடுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன கோடையில் டீசல் டேங்க் ஒன்றுக்குள் நானும் செய்கு முகம்மது பாயும் வெல்டிங் செய்துகொண்டிருந்தோம். உள்ளே கேஸ் இருக்கிறதா என்று பார்க்கவில்லையே என்று பாய் கேட்டதற்கு, சூப்பர்வைசர் தியாகு, "யல்லா, யல்லா, பேச்சு வேணாம்" என்று விரட்டினார். அதன் பிறகு தீப்பிடித்தது. கால்களும் வலது கையும் வெந்து நான் வெளியே வந்தேன். பாய் வரவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் தட்டு கீழே விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன், மூத்திரம் போய்விடும். சொல்ல எனக்கு வெட்கமில்லை, பட்டவனுக்குத்தான் தெரியும். விசாரிக்க ஆள் வந்தபோது வாய் பூட்டிக்கொண்டது. உள்ளே பாய் பீடி பற்றவைத்தார் என்று தியாகு சொன்னதே முடிவாகிப்போனது. அந்த மனுசன் பீடியைத் தொட்டதே கிடையாது.

புண்ணைக் கழுவும்போது வலி தாங்காது என்று டாக்டர் கெட்டமின் என்ற மயக்க ஊசி எழுதினார். முதல் தடவை போட்டபோது மறுபடி டேங்குக்குள் போய்க் கத்தினேன். அதன் பிறகு நர்ஸ் பானுமதி அக்கா பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். இதுமாதிரி மருந்து கொடுத்து, கூடவே உட்கார்ந்து பேசிப் பயத்தை எடுக்க வெளிநாட்டில் சிலர் பார்க்கிறார்கள், இங்கே அந்த வைத்தியம் இல்லை, நான் பேச்சுத்துணைக்கு மட்டும்தான் என்று தெளிவாகச் சொன்னார். டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டு அவர் போடவில்லை. விளக்கைக் குறைத்து, என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க பாய் வந்தா ஓடாதீங்க தம்பி, என்ன வேணும்னு கேளுங்க" என்றார்.

அடுத்த ஊசி மயக்கத்தில் பாய் வந்தார். ஓடவில்லை, கேட்டேன். "நான் பீடி குடிக்கலேன்னு சொல்லுப்பா" என்றார். மயக்கம் தெளிந்த பிறகு அக்காவிடம் டேங்கில் நடந்ததை முதன்முதலாக வரிசையாகச் சொன்னேன், ஓவென்று அழுதேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகவில்லை. இன்றைக்கும் நெருப்பைக் கண்டால் நடுக்கம்தான். ஆனால் வாய் திறந்துவிட்டது.

அதன் பிறகு கேம்ப்புக்குத் திரும்பி, மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் தியாகு செய்ததைச் சொன்னேன். எப்படிடா பேச்சு வந்தது என்று கேட்டவர்களிடம், பானுமதி அக்கா மருந்து வைத்தார் என்றேன். எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்றால் புண்ணுக்கு வைத்துக் கட்டுவது. சோற்றில் கலந்து ஆளை மயக்குவதற்கும் அதே சொல்தான். தியாகு ஓடிப்போய், அவள் மருந்து வைத்துவிட்டாள், இவன் போதையில் உளறுகிறான் என்று புகார் கொடுத்திருக்கிறார். அவரும் தமிழ் பேசித்தானே வளர்ந்தார், எந்த மருந்து என்று தெரியாதா? தெரிந்துதான் செய்தார். இப்போது அக்கா உள்ளே இருக்கிறார்.

அக்கா போதை கொடுத்தார் என்று ஒப்புக்கொண்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக அதிகாரி சொன்னதாக லுக்மான் சொன்னார். மாஃபி, முடியாது என்றேன். எத்தனை தடவை கேட்டாலும் மாஃபிதான். மயக்கத்தில் கண்டதை எப்படி நம்புவது என்றும் கேட்டார்கள். டேங்குக்குள் நின்றது நான், ஊசி இல்லை. மயங்கிக் கிடந்தபோது கிடைத்தது தைரியம், சாட்சி அதற்கு முன்பே என்னிடம் இருந்தது. அக்காவைப் பிடித்து வைத்தால் என் வாயை மறுபடி பூட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

எழுதியதை லுக்மான் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். 'மருந்து வைத்தாள்' என்று ஓரிடத்தில் இருந்ததை அடித்து, 'புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார்' என்று எழுதும்வரை விரல் நீட்ட மறுத்தேன், இப்போது திருத்தியாகிவிட்டது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். சொன்னது அத்தனையும் நிஜம், தெளிந்த புத்தியோடு சொன்னது. செய்கு முகம்மது பீடி குடிக்காதவர். அதையும் அரபியில் எழுதுங்கள்.

(இடது பெருவிரல் ரேகை)
பொ. கார்மேகம்