ஐந்தாவது தடவையும் தோற்றவர்கள்

குளுவாங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் பஸ். எனக்கு முன்னிருக்கையில் ஒரே தொழிற்சாலைச் சட்டையில் இருவர். மூத்தவர் சூப்பர்வைசர் என்று சட்டையில் தைத்திருந்த எழுத்தே சொன்னது. நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களைத்தான் படித்தேன்.

“இந்தத் தடவையாச்சும் ஜெயிச்சிருவாங்கன்னு பாத்தேன்டா,” என்றார் சூப்பர்வைசர்.

“பந்தாட்டமாண்ணே?”

“சண்டைப் படம்டா. பழைய காலத்து வாள்காரனுங்க, மிஷின் கன்னுக்கு முன்னால குதிரையில போறானுங்க. அஞ்சாவது தடவை பாக்குறேன், அழுதுட்டேன்.”

“அலமாக், பாத்த படந்தானே! மாறவா போகுது?” என்று சிரித்த இளையவர், குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, நம்ம பேக்கிங்குக்கு ரோபோ வருதாமே. ஆள் கொறைக்கிற லிஸ்ட்டு நீங்கதானே எழுதுறீங்க?”

“ஆமா லா.”

“என் பேரு இருக்கா?”

சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வெளியே ஓடிய செம்பனை மரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அந்தப் படம் நீ பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

“பாக்காத.”