வாளி அண்ணன் போட்ட கோடு

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, கூண்டுகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் காப்பாளர் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம். இந்த விலங்குக் காட்சிசாலையின் மருத்துவன் நான். இந்த நினைவுக் கூட்டத்தில் வாளி அண்ணனைப் புகழத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் புகழ எனக்கு வாய் வரவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் புலி, சிங்கங்களைக் காத்த தலைமைக் காப்பாளர் அவர்! கையில் வாளி இல்லாமல் அவரைப் பார்த்தவர் உண்டா? கல்யாணப் போட்டோவிலும் வாளி இருக்கிறதா என்று அண்ணியையே கேலி செய்திருக்கிறோம். காலையில் தொட்டியை நிரப்பி, நீர்மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மாலையில் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று அளப்பார். வேறு யார் செய்தார் இதை?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர், மூத்தவ தண்ணிய ரொம்பக் குடிக்கிறா. கோடு கிடுகிடுன்னு இறங்குது."

மூத்தவள் எங்கள் கிழப் பெண்புலி. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வெயில்ண்ணே. நீங்களும்தான் குடிக்கிறீங்க."

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே வெயில்!

புலி தன் நோயை வெளியே காட்டாது, ஐயா. காட்டும்போது காலம் கடந்திருக்கும். அவர் முதலில் வந்து சொன்னதிலிருந்து நாற்பதாம் நாள் மூத்தவள் எழவில்லை. அறுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிக் கிடந்தன. நுரையீரலில் புற்றுக் கட்டிகள்.

"முன்கூட்டியே ஏன் யாரும் சொல்லல?" என்று விசாரணையில் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நான் கவனிக்கல சார்" என்றார். அவரை மான் பட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"உங்கள அனுப்பிட்டா மிச்சம் இருக்கறதுங்களுக்கு யாரு வைத்தியம் பாப்பா?"

மான் பட்டியில் அவர் இருமினால், சுவருக்கு அந்தப் பக்கம் சிங்கம் எழுந்து நிற்கும். சிங்கத்துக்குக் கேட்ட இருமல் எனக்குக் கேட்காமலா இருக்கும்? "சிகரெட்ட விடுங்கண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனேன். "நான் எப்ப டாக்டர் பிடிச்சேன்?" என்றார். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கும் காலம் கடந்துவிட்டது. இப்போது அறையில் தனியாக இருந்தால் அந்த இருமல் கேட்கிறது. வாசலைப் பார்க்கிறேன். யாரும் இல்லை.

அண்ணி, உங்கள் கணவர் கவனிக்கத் தவறியவர் அல்லர். தவறியவன் நான்! நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். இரண்டு ஆண்டுகள் தாமதம். என்னை மன்னிக்க வேண்டாம்.

நேற்று அவருடைய வாளியை எடுத்துக்கொண்டு சிங்கத்திடம் போனேன். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்தது. நானே தொட்டியை நிரப்பிக் கோடு போட்டேன். மாலையில் போய் அளந்தேன். வழக்கமாக நான்கு விரல், நேற்று ஒன்பது.

தோழர்களே, இனி எல்லாத் தொட்டிகளிலும் அந்தக் கோடு இருக்கும். கோடு இறங்கினால் என் கதவைத் தட்டாதீர்கள், உள்ளே வந்து என்னை இழுத்துக்கொண்டு போங்கள்! இந்தக் கூட்டம் முடிந்ததும் சிங்கத்துக்கு ரத்தம் எடுக்கிறேன். அதன் நோய்ச் சீட்டில் நோயை முதலில் கண்டவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். வாளி அண்ணன் என்று எழுதிவிட்டேன்.