பக்கத்து வீட்டுக் கமலாவுக்கு வந்த தோடம்பழம்

"பிள்ளை, உன்னை நம்பி ஆர் மனம் விட்டுக் கதைக்கப் போகினம்?" நான் பத்திரிகையில் சேர்ந்தபோது மாமா கேட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என்னை நம்பித் தெல்லிப்பழையில் ஒரு பெண் தன் மனச்சோர்வைப் பற்றிக் கதைத்தார். அந்தப் பேட்டியை எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, பேருந்தில் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

"போன மாசம் பேப்பரிலை வந்த என்ரை மனச்சோர்வுப் பேட்டியிலை, பேரைக் கமலா எண்டு மாத்திப் போட்டிருக்கினம்."

"நல்லதுதானே அக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரி கமலாவெல்லே! ஊர், வாழைத்தோட்டம், பச்சைக் கேற் எல்லாம் அப்பிடியே எழுதியிருக்கு. சனம் நோயாளியைப் பாக்கிற மாதிரித் தோடம்பழத்தோடை அவவைப் பாக்கப் போகுது."

"ஐயோ, அவ கோபிச்சுப் பேசேல்லையோ?"

"முதல் பேசினவ. இப்ப பழத்தை வாங்கி வைச்சிட்டு, நித்திரை வருகுதில்லை எண்டு சொல்லுறாவாம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப நீங்கள் கிளினிக்குக்குப் போகேல்லையோ?"

"எப்பிடிப் போறது? அங்கை கண்டால் உண்மையான கமலா ஆரெண்டு தெரிஞ்சிடுமே. அச்சடிக்க முதல் ஒருக்கா வாசிச்சுக் காட்டியிருந்தால் சொல்லியிருப்பன்."

அலுவலகம் வரும் முன்பே கொக்குவிலில் இறங்கிவிட்டேன். திரும்பிப் போகும் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்று, பேட்டி தந்த தெல்லிப்பழைப் பெண்ணை அழைத்தேன்.

"அக்கா, எழுதினதை வாசிச்சுக் காட்ட வாறன். உங்கடை பக்கத்து வீட்டுக்காரரின்ரை பேரெல்லாம் சொல்லுங்கோ."