சிவப்புத் துணிக் கம்பு

பொழுது படுகிற நேரம். தண்ணீரூற்று ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது... ஒரு சனமில்லை.

கிட்ட வாருங்கள். விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். இது எங்கள் கூட்டாளி நிறோஜனின் சித்தப்பா மரியநேசனுக்கு நடந்தது, தொண்ணூற்றொன்பதில், சண்டைக் காலத்தில்.

அவருடைய மகள் கம்சாவுக்கு மலேரியா. நடுங்கி நடுங்கிப் பிள்ளை பேச்சையும் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பகல் முழுக்கக் காத்திருந்து வாங்கிய குளிசைகள் சட்டைப் பையில், பொலித்தீனில் சுற்றியபடி. எப்படியாவது இரவுக்குள் கொடுத்துவிட வேண்டும். சைக்கிளை மிதித்தார்.

வழியில் ஒரு தாம்போதி, தண்ணீருக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த தரைப்பாலம். இரண்டு பக்கமும் வெள்ளம். குண்டு விழுந்து பாதி இடிந்ததால் ஒரு வாகனம்தான் போகலாம். நடுவில் வளைவு, கண்டல் பற்றை மறைப்பதால் எதிரே வருவது தெரியாது. அதனால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆள், இருவருக்கும் பொதுவாகச் சிவப்புத் துணி கட்டிய ஒரே ஒரு கம்பு. கம்பு வைத்திருப்பவர் போகலாம். அது அக்கரை சேர்ந்த பிறகுதான் அங்கிருந்து வாகனம் விடுவார்கள். எல்லாம் பகலில் மட்டும். இருட்டினால் விளக்குப் பிடிக்க முடியாது. வெளிச்சத்தைத் தேடிப் பிளேன் வரும். பிறகு அவரவர் பாடு.

இக்கரையில் விமலேஸ்வரி புறப்பட ஆயத்தமாக நின்றாள்.

"மத்தியானம் கிபிர் பிளேன் சுத்தினதோட ஒருத்தரும் வரேல்லை. நீங்கள்தான் கடைசி, அண்ணை. அக்கரையிலை நிக்கிற யோகநாதன் அண்ணையிட்டைக் கம்பைக் குடுத்திட்டுப் போங்கோ. கம்பு வராமல் மனுசன் வீட்டை போகாது. பிந்திப் போய் மனுசியிட்டை ஒவ்வொரு நாளும் பேச்சு!"

சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவர் தாம்போதியில் சைக்கிளை இறக்கினார்.

சைக்கிள் சங்கிலியின் கிறீச்... தவளைச் சத்தம். அதுவும் நின்றது. உலகத்தில் தான் ஒருவன்தான் மிச்சம் என்பதுபோல அவருக்கு இருந்தது. வளைவைத் தாண்டும்போது மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது. முன்னால் உழவு இயந்திரம் உறுமியது. விளக்கில்லை. இறங்கி வந்தால் ஒதுங்க இடமில்லை.

ஆனால் அது வரவில்லை.

அதன் முன்னால், கையை உயர்த்தியபடி யோகநாதன் நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு. மரியநேசன் கம்பை நீட்டினார். அவர் முகம் திருப்பாமலே வாங்கினார். விரல் பட்டது... கிணற்றடிக் கல்லின் குளிர்.

"சுகமா, அண்ணை?"

அவர் கையை இறக்கிவிட்டுப் பற்றைக்குள் நடந்தார்.

"விசர் ஆளப்பா!" என்று உழவு இயந்திரத்தின் மேலிருந்து அதை ஓட்டி வந்த ஸ்ரனிஸ்லஸ் கத்தினான். "பொழுது பட்டிட்டுது, விடு எண்டு எவ்வளவு கேட்டனான். கையை இறக்கினாத்தானே! நான் வந்திருந்தால் உன்னைத் தண்ணிக்கைதான் தேடியிருக்கோணும்."

குளிசை போட்ட கம்சா விடியப்புறம் வேர்த்தாள். கண் திறந்து கஞ்சி கேட்டாள். மரியநேசன் வலையில் பட்ட இரண்டு நல்ல மீனை ஓலையில் கோத்துக்கொண்டு யோகநாதன் வீட்டுக்குப் போனார்.

வாசற்படலையில் வெள்ளைத்துணி. பறைச் சத்தம். மீனை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"நேற்று மத்தியானம், தம்பி," என்றார் அயல்வீட்டுக்காரர். "கிபிர் சத்தத்துக்கு ஓடி வந்தவர், படலையடியிலை சரிஞ்சிட்டார். பின்னேரமே குளிப்பாட்டிக் கிடத்திப்போட்டம்."

உள்ளே வெள்ளை வேட்டியில் யோகநாதன் கிடந்தார். தலைமாட்டில் மனைவி ஜெகதீஸ்வரி. மேலே கூரைத் தாழ்வாரத்தில், அவர் எந்நாளும் செருகுகிற இடத்தில், கம்பு. சிவப்புத் துணியிலிருந்து ஒரு துளி... பிறகு இன்னொன்று.

மரியநேசன் அதையே பார்ப்பதை அவள் கண்டாள். அழவில்லை. வேட்டி நுனியை இழுத்து, சேறு காய்ந்த கால்களை மூடினாள்.

"நேற்றும் பிந்தித்தான் வந்தவர்," என்றாள்.