அய்யலூர்ச் சந்தையில் கிடைத்த சாவிக்கொத்து

2007 ஆவணி மாதம், அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு மறுநாள். நத்தம் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்கு முழங்கையில் கட்டு.

“ஏலே, ரேஸ் சைக்கிளுக்கும் சாதாப் பெடலே போதும்னு அப்பவே சொன்னேன்ல?”

“இந்தப் பெடல்ல ஷூவு பூட்டிக்கிரும்டா. சந்தைக்குள்ள பிரேக் போட்டேன், கால எடுக்க முடியல. சைக்கிளோட சாஞ்சு கால உதறுனேனா, வலிப்புன்னு ஒருத்தர் கையில சாவிக்கொத்தத் திணிச்சுட்டாரு.”

“ஷூ மாட்டிக்கிச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?”

“ஆட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் சிரிப்பாங்கல்ல? கண்ண மூடிக்கிட்டுச் சாவிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.”

“சரி விடு. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போகணும்ல?”

கட்டுப் போட்டிருந்தவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கண்ணத் தொறந்து பாத்தா, சாவி குடுத்தது பொண்ணோட அப்பாடா.”