டாக்டர் வந்தால் கிளம்பும் வண்டி

இந்த நாற்காலியில் உட்காருங்கள், இதில் கிரீஸ் இல்லை. பட்டறைக்கு வருகிறவர்களுக்காக ஒன்றைத் துடைத்தே வைத்திருக்கிறேன். அப்படியும் பாதிப் பேர் கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். நீங்கள் துடைக்கவில்லை. உங்கள் அண்ணனும் இப்படித்தான்.

அவருடைய வண்டியை உங்கள் ஊருக்கு எடுத்துப் போகும் முன் அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். பழைய கியர்பாக்ஸில் ஒரே ஒரு பாகம் மட்டும் புதுசாகப் பளபளக்கிறதே, எப்போது மாற்றியது, ஏன் மாற்றியது என்று கேட்கிறீர்கள். தம்பி என்ற முறையில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்கிறேன்.

சில நாள் ஒழுங்காகக் கிளம்புகிறது, சில நாள் சாவியைத் திருப்பினால் கம்மென்று இருக்கிறது என்ற புகாரோடுதான் அந்த வண்டி என்னிடம் வந்தது. எங்கள் தொழிலில் பெரிய தலைவலி இந்த மாதிரி வந்து வந்து போகும் கோளாறுதான். சுத்தமாகச் செத்த வண்டியை எழுப்பிவிடலாம். பட்டறைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் வண்டியை என்ன செய்வது? பேட்டரியைச் சோதித்தேன். அதன் முனைகளைச் சுரண்டித் துடைத்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரை இறக்கி, பிரித்து, மறுபடி மாட்டினேன். ரிலேயை மாற்றினேன். எர்த் ஒயரைக்கூட விடவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டி இங்கிருந்து சமர்த்தாகப் போகும், அவர்கள் வீட்டு போர்ட்டிகோவில் போய்ப் படுத்துக்கொள்ளும். இத்தனை வருஷம் கையில் கறையோடு வாழ்ந்தவனுக்கு ஒரு வண்டியின் மனசு புரியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்தது.

அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே என்றுதான் அண்ணி கார் ஓட்டப் பழகினார், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார்த்து வாங்கினார்கள். வண்டியை நம்பித்தான் ராத்திரி தூங்குகிறேன் என்று அண்ணி என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். "வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி, டாக்டர். எப்ப மக்கர் பண்ணும்னு சொல்ல முடியாது." எனக்கு டாக்டர் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

ஒரு நாள் அண்ணி ஃபோன் செய்து கூப்பிட, வீட்டுக்கே போனேன். முதல் தடவையாக என் கண்ணெதிரில் வண்டி மறுத்தது. டாஷ்போர்டில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் பக்கம் டிக் என்ற சத்தம்கூட இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கியர் லீவரை பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத் திருப்பினேன். கிளம்பிவிட்டது. கியர் எதில் இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்ல கியர்பாக்ஸின் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அது தேய்ந்துபோய், பார்க்கிங்கில் இருப்பதைச் சில சமயம் சொல்லாமல் விட்டிருக்கிறது. கியரில் இருக்கும்போதே கிளம்பி வண்டி ஓடிவிடுமோ என்று பயந்து ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. புது ஸ்விட்ச் போடுவது ஒரு மணி நேர வேலை. அதுவரைக்கும் நியூட்ரலில் போட்டுக் கிளப்பினால் போதும்.

அதைச் சொல்வதற்காகத்தான் இறங்கினேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைதட்டினார். "பாத்தியா, டாக்டர் கை பட்டாலே போதும்!" உள்ளே கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்தார்கள். என்னைப் பார்த்து ஒரு வீடே நிம்மதி அடைவதை அன்றுதான் பார்த்தேன். என் வீட்டில் நான் நுழைந்தால் மனைவி டீவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள். பட்டறைக்கு வருகிறவர்கள், நான் எந்தப் பாகத்தைத் திருடுகிறேன் என்று பார்த்தபடியே நிற்பார்கள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த தடவையும் சொல்லவில்லை. இதில் நான் காசு பார்த்ததில்லை, அண்ணியையே கேளுங்கள். வண்டியில் எதையும் கெடுக்கவும் இல்லை. கூப்பிட்டால் போவேன். போனதும் கிளப்பினால் நன்றாயிருக்காது என்று பானெட்டைத் திறந்து ஸ்பானரால் அங்கே இங்கே தட்டுவேன். அப்புறம் உட்கார்ந்து, லீவரை நைசாகத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்புவேன். உங்கள் அண்ணன் கூர்மையான ஆள். ஒரு தடவை கேட்டேவிட்டார்.

"நீங்க உக்காந்ததும் டக்குன்னு ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன டாக்டர்?"

"என் முழங்கால் சார். வயசாச்சுல்ல."

மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்த மாதிரி சிரித்து எனக்குப் பல வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். அண்ணியின் ஃபோன் வந்தது.

"அண்ணா, அவருக்கு நெஞ்சு வலிக்குது. வேர்த்துக் கொட்டுது. வண்டி கிளம்ப மாட்டேங்குது."

"லைட்டு எரியுதா?"

"எரியுது. டிக்குன்னு சத்தம்கூட இல்லண்ணா. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

நியூட்ரலில் போட்டுத் திருப்பு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சொல்கிறேன், வண்டி கிளம்புகிறது, அவர் பிழைத்துக்கொள்கிறார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்த விஷயம் டாக்டருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று யோசிப்பார். அண்ணியிடமும் கேட்பார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் நான் எந்த முகத்தோடு போவேன்?

"பதறாதம்மா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்" என்றேன்.

வேகமாகத்தான் போனேன். பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. ஃபோனை அணைக்காமல் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். அண்ணி அழுதுகொண்டே சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "டாக்டர் வந்துட்டே இருக்காருங்க, இதோ வந்துடுவாரு" என்று அவரிடம் சொன்னதும் கேட்டது. அந்த லாரிக்குப் பின்னால் ஒன்றும் செய்ய வழியில்லாமல் நின்றேன். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு கையாலாகாதவனாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

போய்ச் சேர்ந்தபோது அவர் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணி கதவைத் திறந்துகொண்டு இறங்கி வழிவிட்டார். நான் பானெட்டைத் திறந்தேன். எப்போதும் திறக்கிறவன் அன்றைக்கு மட்டும் திறக்காவிட்டால் வித்தியாசமாகத் தெரிந்திருக்கும். ஸ்பானரால் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, லீவரைத் தள்ளினேன். கண்ணாடியில் பார்த்தேன், உங்கள் அண்ணனின் பார்வை என் கைமேல் இருந்தது. பேசும் நிலையில் அவர் இல்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஸ்விட்சை மாற்றினேன். அண்ணி தனியாக ஓட்டும்போது எங்காவது மாட்டிக்கொள்ளக் கூடாது, இல்லையா? இனி வண்டி மக்கர் பண்ணாது, நீங்கள் தைரியமாக எடுத்துப் போகலாம். வண்டி இல்லாவிட்டாலும் குழாய் ஒழுகுகிறது, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று அண்ணி என்னைத்தான் கூப்பிடுகிறார். "அன்னிக்கு நீங்க மட்டும் வரலன்னா நான் என்னண்ணா பண்ணியிருப்பேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்.

போலீசில் சொல்வதென்றால் சொல்லுங்கள். உங்களிடம் சொன்னதை அங்கேயும் அப்படியே சொல்வேன், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். அண்ணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார். பாவம், அவருக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?