சீமை ராசாவுக்கு மொட்டை போட்டவன்

அது ரொம்பக் காலத்துக்கு முந்தி. இந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் உடைமரம் முளைத்துக் கிடந்த காலம். நம் கீழக்கரிசலில் வெயிலுகந்தான் என்று ஏர் பிடித்துப் பிழைக்கும் ஒரு சம்சாரி இருந்தானாம். இந்த ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் பூட்டனுக்குப் பூட்டன். மீதிப் பேரும் விசாரித்தால் உறவாகத்தான் இருப்பீர்கள்.

தூரத்து ராசாக்களை மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்டால் உங்கள் புத்தகம் வரி என்கிறது, வணிகம் என்கிறது. சரிதான். ஆனால் கீழக்கரிசலில் சண்டை ஒரு கருமாதியில் ஆரம்பித்ததாம்.

கடலுக்கு அப்பால் ஒரு ராசா. நம் ஊரை அவர் பார்த்ததில்லை, நம் ஊரும் அவரைப் பார்த்ததில்லை. அவருக்குப் பதிலாக இங்கே ஒரு துரை. துரை பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு துபாசி. ஐப்பசி பிறந்தது, மழை பெய்தது. மண் நல்ல பதம். அந்த ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் முழுக்கப் பட்டினிதான். அப்போது பார்த்துத் தமுக்கு அடித்தார்களாம்.

"சீமை ராசா செத்துப் போனாரு! மாசி முடியிற வரைக்கும் துக்கம்! கலியாணம் கூடாது, மேளம் கூடாது, ஏர் பூட்டக் கூடாது!"

அவர்கள் ஊரில் அந்த மாதங்களில் பனி விழுந்து மண் கல்லாகக் கிடக்குமாம். எவனும் ஏரைத் தொடமாட்டானாம். ஆகவே உத்தரவு எழுதியவருக்கு அது பெரிய கஷ்டமாகத் தோன்றவில்லை.

வெயிலுகந்தான் துபாசியிடம் போனான்.

"ஐயா, ராசா எப்பச் செத்தாரு?"

"சித்திரையில. கப்பல் வந்துசேர இவ்வளவு நாளாச்சு."

"அப்பப் பதினாறாம் நாள் எப்பவோ போயிருச்சே! கருமாதி யார் செஞ்சது?"

"அவங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாதுப்பா."

"கருமாதி இல்லாமலா? பாவமே! அதான் துக்கம் மாசி வரைக்கும் இழுக்குது!"

ஊர் கூடிப் பேசியது. கருமாதி செய்தால் துக்கம் கழியும், துக்கம் கழிந்தால் ஏர் பூட்டலாம். இது கேலி இல்லை பிள்ளைகளே, முழு மனசோடு யோசித்தார்கள். அப்பன் உயிரோடு இருப்பவன் மொட்டை போடக்கூடாது. வெயிலுகந்தானுக்கு அப்பன் இல்லை. ஆகவே அவனே மகன் முறையில் உட்கார்ந்து மொட்டை போட்டு, பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்தானாம். ராசா பேரைத் துபாசி சொல்லியும் பெண்கள் வாயில் அது நுழையவில்லை. "ஏ சீமை ராசாவே!" என்றே மாரடித்து அழுதார்களாம்.

மறுநாள் காலை வெயிலுகந்தான் ஏர் பூட்டினான். துரை குதிரையில் வந்துவிட்டார், பின்னாலேயே சிப்பாய்கள். துபாசி நடந்ததை விளக்கினான்.

"மகன் முறையிலா?" என்றாராம் துரை. "அப்படியென்றால் பட்டம் கேட்கிறான். ராஜத் துரோகம்."

"பட்டமெல்லாம் வேண்டாம் சாமி," என்று ஊரே கும்பிட்டது. "மொட்டை மட்டும்தான் போட்டான்!"

வெயிலுகந்தான் பெண்டாட்டி பேச்சித்தாய் முன்னால் வந்தாள். "ராசா வீட்டு ஆளுககிட்டச் சொல்லிப் பாருங்க சாமி. அவுகளும் சோறு திங்கிறவுகதானே?"

"மனுக் கொடு. கப்பல் போய்த் திரும்ப ஒரு வருஷம் ஆகும்," என்றார் துரை.

"அதுவரைக்கும் ஈரம் நிக்குமா சாமி?"

துரை ஏர்ப் பக்கம் திரும்பினார். ஒரு மாட்டை அவிழ்க்கச் சொன்னார். அந்த இடத்தில் வெயிலுகந்தானை நுகத்தில் கட்டச் சொன்னார். வயலில் உழக்கூடாது என்பது உத்தரவு. துரை உத்தரவை மீறாதவர். ஆகவே தெருவை உழச் சொன்னார்.

வண்டி ஓடி இறுகிய தெரு. இழுத்தானாம், இழுத்தானாம், தோள் கிழிய இழுத்தானாம். அவன் விழுந்தபோது பக்கத்து மாடு தானாக நின்றது. சிப்பாய் மாட்டை அடித்தான். மாடு நடந்தது, கட்டியிருந்த மனுஷன் கூடவே இழுபட்டுப் போனான். தெருக்கோடியில் அவிழ்த்தபோது மூச்சு இல்லை.

பேச்சித்தாய் வாய்விட்டு அழுதாள். துபாசி தலையைக் குனிந்துகொண்டு சொன்னானாம்: "அழக்கூடாதாம் தாயீ. ராசா துக்கத்துக்குள்ள இன்னொரு துக்கம் கூடாதாம்."

அவள் அழுகையை நிறுத்தினாள். வீட்டுக்குள் போனாள். விதைச்சோளத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து புருஷன் கீறிய தெருச் சாலில் விதைத்துக்கொண்டே நடந்தாள். "வயல்லதானே கூடாது? இது தெரு!" என்றாளாம். ஊர் அதைப் பார்த்தது. அத்தனை பேரும் ஏர் பூட்டினார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். மாடும் மனுஷனும் சாலிலேயே விழுந்தார்கள். விதைத்த வயலில் குதிரையை விட்டு மிதித்தார்கள்.

தை மாதம் அடுத்த கப்பல் வந்தது. செய்தி தப்பாம்! செத்தது ராசாவின் சித்தப்பாவாம். ராசா சுகமாம். குடிகளுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்துக் கொண்டாட வேண்டுமாம். துரை உத்தரவை மீறாதவர். பாதி வீடு அடைத்துக் கிடந்த தெருவில், பசியில் கண் உள்ளே போனவர்கள் கையில் தானே வந்து கல்கண்டு வைத்தார். அன்று சாயங்காலம் அவரைக் கிணற்றிலிருந்து எடுத்தார்களாம். வாய் கொள்ளாமல் கல்கண்டு திணித்திருந்ததாம். பேச்சித்தாயைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். சுற்றுவட்டார ஊர்களெல்லாம் சண்டைக்குக் கிளம்பிவிட்டன. அடுத்த கப்பல் நிறையப் பட்டாளம் வந்தது.

"சார், இதெல்லாம் அந்த ராசாவுக்குத் தெரியுமா?" என்கிறாள் முப்பிடாதி.

தெரியாதம்மா. கடைசிவரை தெரியாது. தூரத்து ராசாக்களை ஏன் எதிர்த்தார்கள் என்ற கேள்விக்கும் விடை அதுதான். பரீட்சையில் இப்படி எழுதாதே, மார்க் போடமாட்டார்கள்.

நம் நடுத்தெருவில் ஒரு சால் அகலத்துக்குத் தார் போடாமல் விட்டிருக்கிறதே, அது வெயிலுகந்தான் உழுத சால். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஊர் முதலில் அங்கேதான் விதைக்கிறது. அந்தச் சோளத்தை யாரும் அறுப்பதில்லை. கதிர் முற்றும்போது பெண்கள் இரண்டு பக்கமும் நின்று, அன்றைக்கு அழவிடாத அழுகையை அழுது தீர்க்கிறார்கள்.